சனிக்கிழமைக்காரியும் பச்சைச் சமையலறையும்

கந்தாங் ஊரில் ரயில் பாதை ஆற்றைக் கண்டதும் நின்றுவிடுகிறது. அந்த முடிவை ஒட்டித்தான் எங்கள் சந்து. அதில் குடியிருப்பவர்களில் விச்சியனைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர் பெரிய மனிதர் என்பதால் அல்ல. அவர் பெரிய மனிதர் இல்லை. நல்ல மனிதர் என்று சொல்லவும் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவருக்கு ஒரு வியாதி உண்டு. ஒன்று சரி என்று தெரிந்துவிட்டால் அதை வாய்க்குள் வைத்துக்கொள்ள அவரால் முடியாது. அந்த வியாதி அவர் வீட்டில் என்ன செய்தது என்பதுதான் கதை.

ரயில்வேயில் கொடி காட்டுவது அவர் வேலையாக இருந்தது. நாளுக்கு ஒரு ரயில் வந்து, இளைப்பாறி, வந்த வழியே திரும்பும் ஸ்டேஷன். சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் போ. வேலையில் இருந்த காலம் முழுவதும் இந்த இரண்டு நிறங்களோடு வாழ்ந்துவிட்டு, உலகமும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் ஆசியூவின் பெயின்ட் கடையில் கம்பெனி ஆள் ஒருவர் வந்து இலவச வகுப்பு எடுத்தார். வீட்டுக்கு நிறம் தேர்ந்தெடுப்பது எப்படி என்று தலைப்பு. மதியம் கோழிச் சோறு உண்டு என்று போட்டிருந்ததால் நானும் போனேன்.

வந்தவர்களுக்கெல்லாம் ஒரு அட்டைச் சக்கரம் கொடுத்தார்கள். பன்னிரண்டு நிறங்கள் வட்டமாக இருந்தன. கம்பெனி ஆள் சொன்னது எளிமையானது. சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒரே அறையில் அமைதியாக இருக்கும். எதிரெதிர் நிறங்களை அருகருகே வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். அதே இரண்டையும் கலந்துவிட்டால் இரண்டும் செத்துச் சாம்பலாகும். விச்சியன் இதை வேதவாக்காகக் கேட்டுக்கொண்டார். கோழிச் சோற்றுக்குப் பிறகு நடந்த பாடத்தில் குறட்டை விட்டார்.

மறுநாளிலிருந்து சட்டைப் பையில் சக்கரத்தோடுதான் நடமாட்டம். காபிக் கடைக்காரரிடம் போய், "வறுத்த பன்றிக்கறியைப் பச்சைத் தட்டுல வெச்சுக் குடுங்க. சிவப்பா, கண்ணைப் பறிக்கும்" என்றார். கடைக்காரர் நம்பிச் செய்தார். கறி அவ்வளவு சிவப்பாகத் தெரிந்ததில் வேகவில்லை என்று நாலு பேர் திருப்பி அனுப்பினார்கள்.

"கறி வெந்திருக்கு, அவங்க கண்ணு வேகலை" என்றார் விச்சியன்.

"நீ இனிமே காபி மட்டும் குடிச்சிட்டுப் போயிடு அண்ணே" என்றார் கடைக்காரர்.

இந்த அளவில் நின்றிருந்தால் யாருக்கும் கேடில்லை. ஆனால் அவர் மனைவி லம்துவான் உறவுக்காரப் பையன் ஒருவன் துறவு ஏற்பதைப் பார்க்கப் பத்தலுங் ஊருக்குப் போனார். திரும்பி வருவதற்குள் விச்சியன் சமையலறைக்கு வர்ணம் அடித்து வைத்துவிட்டார். தரையில் செங்கல் நிற ஓடு. சக்கரத்தில் அதற்கு நேர் எதிரே பச்சை. ஆகவே நான்கு சுவரும் பச்சை. அழகாகத்தான் இருந்தது, சிவந்த தரை பளிச்சென்று எழுந்து வந்தது. இதை நான் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

எங்கள் ஊரில் பிறந்த தேதியை மறந்தவர் உண்டு, பிறந்த கிழமையை மறந்தவர் கிடையாது. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிறம் சொந்தம், ஒரு நிறம் பகை. புதனுக்கு மட்டும் பகலுக்கு வேறு, ராத்திரிக்கு வேறு. லம்துவான் சனிக்கிழமைக்காரி. ஊதா சொந்தம், பச்சை பகை. அவர் வீட்டில் பச்சைக் குழம்பு வைத்ததில்லை. கொய்யாவைத் தோல் சீவாமல் தொட்டதில்லை. கல்யாணத்துக்கு வந்த பச்சைக் குடையை அன்றைக்கே கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்.

பத்தலுங்கிலிருந்து வந்தவர் பையைக் கீழே வைக்காமலே சமையலறை வாசலில் நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"எப்பிடி இருக்கு?" என்றார் விச்சியன்.

"யாருக்கு எதிரா அடிச்சிருக்கீங்க?"

"தரைக்கு எதிரா."

"நான் என்ன கிழமைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"கிழமை துணிக்குத்தான் லம்துவான். சுவருக்குக் கிழமை ஏது? சுவர் என்ன உன் மேலயா ஒட்டிக்கிட்டிருக்கு?"

"ஒட்டலை. ஆனா அதுக்குள்ளதான் நான் நாள் பூரா நிக்கிறேன். துணியையாவது ராத்திரி கழட்டிப் போடலாம்."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். விச்சியன் சக்கரத்தை எடுத்து நீட்டினார். லம்துவான் அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அதே பையோடு திரும்பிச் சந்தின் மறுபக்கம் இருக்கும் எதிர் வீட்டுக்குப் போய்விட்டார். எதிர் வீடு அவருடைய அக்கா பயோமுடையது.

அதற்குப் பிறகு சந்து முழுவதும் இரண்டு வீட்டு வாசலையும் பார்த்துக்கொண்டு வாழ்ந்தது. லம்துவான் கோபத்திலும் கணவரைப் பட்டினி போடவில்லை. மத்தியானம் அடுக்குப் பாத்திரத்தில் சோறும் குழம்பும் கட்டி, சந்தின் நடுவில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துவிட்டுப் போவார். விச்சியன் வந்து எடுத்துப்போவார். நாளாக நாளாகக் குழம்பில் மிளகாய் ஏறியது. பயோம் அக்கா தன் வாசலில் உட்கார்ந்து அறிவிப்பார்: "இன்னிக்கும் கூட்டியிருக்கா தம்பி. தண்ணிய பக்கத்துல வெச்சுக்க."

"எனக்கு உறைக்கலை அக்கா."

"அப்பறம் ஏன் கண்ணு சிவந்திருக்கு?"

"பச்சைச் சுவரைப் பாத்துட்டு வந்தா எல்லாமே சிவப்பாத்தான் தெரியும்."

வெளியே இப்படிப் பேசினாலும் ஆள் இளைத்துப்போனார். என் வீட்டு வேலி வழியாகப் பார்த்தால் முன்னறையில் தொலைக்காட்சி ஓடும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம், "அவ இல்லாம வீட்டுல சத்தமே இல்ல. நான் சரின்னு சொன்னா, இல்லன்னு சொல்ல ஒரு ஆள் வேணாமா?" என்றார். அவரிடமிருந்து நான் கேட்ட முதல் காதல் வசனம் இதுதான்.

பயோம் அக்காவுக்கும் தங்கை திரும்பிப் போனால் தேவலை என்றிருந்தது. அவர் வைக்கும் மீன் குழம்பை லம்துவான் தினமும் திருத்திக்கொண்டிருந்தார். ஆகவே அக்காவே சமாதானத்துக்கு ஏற்பாடு செய்தார். பேச்சு தண்ணீர்த் தொட்டியருகே நடந்தது. அந்தப் பக்கம் சகோதரிகள், இந்தப் பக்கம் விச்சியன், சக்கரம் தொட்டியின் மூடி மேல். நான் வேலியோரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தச் செடிக்குக் கிடைத்த தண்ணீர் அதற்கு ஒரு மாதத்துக்குப் போதும்.

"யாருக்கும் பகை இல்லாத ஒரு நிறம் சொல்லுங்க. அதை முதல்ல முன்னறைக்கு அடிங்க. பாத்து எனக்குப் பிடிச்சா, அதையே சமையலறைக்கும் அடிக்கணும். அப்பறம் வர்றேன்" என்றார் லம்துவான்.

"சரி. பச்சை உனக்கு ஆகாது. அடிச்சாச்சு" என்று விச்சியன் சக்கரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "நான் செவ்வாய். எனக்கு மஞ்சளும் வெள்ளையும் ஆகாது. ஆனா நான் பாக்க மாட்டேன்."

"பாக்கணும். எனக்கு மட்டும் கிழமை, உங்களுக்குக் கிடையாதா? அடிங்க."

"நம்ம பொண்ணு பிம்ஜை ஞாயிறு. நீலம் போச்சு."

"மாப்பிள்ளை வியாழன். ஊதா ஆகாது" என்றார் லம்துவான், தன் சொந்த நிறத்தைத் தானே விட்டுக்கொடுக்கிற வருத்தத்தோடு.

"நான் திங்கள். சிவப்பு எனக்கு ஆகாது" என்றார் பயோம் அக்கா.

"அக்கா, நீங்க எதிர் வீடு."

"தினம் சாயங்காலம் நாடகம் பாக்க எங்க வர்றேன்? உன் வீட்டுக்குத்தான? சிவப்புச் சுவரைப் பாத்துக்கிட்டு எனக்கு அழுகை வருமா?"

சிவப்பு போயிற்று. ஆரஞ்சுக்கு யாரும் வாய் திறக்கவில்லை என்று விச்சியன் முகம் மலரும்போது, லம்துவான் மெதுவாகச் சொன்னார்: "அம்மா புதன் ராத்திரி. ஆரஞ்சு ஆகாது."

"உங்கம்மா செத்து எத்தனையோ வருஷமாச்சே!"

"படம் முன்னறையிலதான மாட்டியிருக்கு? அவங்க நாள் பூரா அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

மிச்சமிருந்தது ரோஸ். புதன் பகலில் பிறந்தவருக்கு அது ஆகாது. மனிதர்களில் அப்படி யாரும் இல்லை. ஆனால் வீட்டுப் பூனை புதன்கிழமை மத்தியானம் அரிசி மூட்டை மேல் பிறந்தது சந்துக்கே தெரியும். பூனை தொட்டி மேல் ஏறிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது. விச்சியன் பூனையைத் தூக்கிவிட்டு ரோஸையும் அடித்தார்.

சக்கரம் முழுவதும் பென்சில் கோடு. நான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். எல்லோரையும் வைத்துப் பார்த்தால் வாழ இடமில்லாமல் போவது இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். விச்சியனோ திடீரென்று தொட்டியைத் தட்டினார்.

"சாம்பல்! சக்கரத்துல இல்லாத நிறம். எதிரெதிர் நிறத்தைக் கலந்தா வர்றது. எல்லாரோட நிறமும் அதுக்குள்ள இருக்கும், யாருடையதும் வெளிய தெரியாது. சாம்பல் யாருக்கு ஆகாது?"

"வெள்ளிக்கிழமைக்காரங்களுக்கு" என்றார் அக்கா.

"நம்ம வீட்டுல வெள்ளி இருக்கா?"

மூவரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். உயிரோடிருப்பவர், படத்திலிருப்பவர், நாலு காலில் நடப்பவர் எவரும் வெள்ளி இல்லை.

"எதிரெதிரா இருக்கிற ரெண்டும் ஒண்ணா கலந்தா சாம்பலாயிடுமா?" என்று கேட்டார் லம்துவான்.

"ஆமா. சக்கரத்தோட விதி."

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி இதை யாராவது சொல்லியிருக்கலாம்."

சாம்பலைத் தானே கலப்பதாக விச்சியன் பிடிவாதம் பிடித்தார். மிச்சமிருந்த பச்சையில் சிவப்பை ஊற்றிக் கிண்டினார். வந்தது சாம்பல் இல்லை, மழைக்காலத்தில் எருமை எழுந்துபோன குட்டையின் நிறம். வாளியைத் தூக்கிக்கொண்டு ஆசியூ கடைக்குப் போனார்.

"விதி சரிதான், சிவப்புதான் தப்பு" என்றார்.

ஆசியூ வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "விதி சரியோ என்னமோ அண்ணே, இதைச் சுவர்ல அடிச்சா அண்ணி என் வீட்டுக்குக் குடிவந்துடுவாங்க. மெஷின்ல கலந்து தர்றேன், பேசாம கொண்டுபோங்க" என்றார். விச்சியன் இரண்டு அறைக்கும் சேர்த்து வாங்கினார்.

முன்னறை முடிந்தது. மென்மையான சாம்பல், புறாவின் கழுத்துக்குக் கீழே இருக்குமே அந்த மாதிரி. தேக்கு அலமாரி அதன்முன் தேன் நிறத்தில் எழுந்து நின்றது. படத்தில் இருந்த மாமியார்கூட ஓய்வாகத் தெரிந்தார். தேடிப் பார்த்தும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. அது எனக்குச் சற்று ஏமாற்றம்தான்.

ஒரு சாயங்காலம் லம்துவான் ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு பார்வையிட வந்தார். சாட்சிக்கு அக்காவும் நானும். சமையலறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தார் விச்சியன். அதற்கு மறுநாள் சாம்பல் பூசுவதாக ஏற்பாடு. லம்துவான் நான்கு சுவரையும் சுற்றி வந்தார். ஒரு மூலையில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்லாருக்கு" என்றார்.

விச்சியன் அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை மிளகாயைத் தின்றிருக்கிறார்! தலையை மட்டும் ஆட்டினார். பேசியிருந்தால் அழுதிருப்பார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அக்கா சாய்ந்து உட்கார்ந்து, சந்தோஷத்தில் பழங்கதை எடுத்தார்.

"இந்த நிறத்தைப் பாத்தா நீ பொறந்த அன்னிக்கு வானம் ஞாபகம் வருதுடி. அம்மாவுக்கு வலி வந்ததும் அப்பா படகுல போயி மருத்துவச்சியக் கூட்டியாந்தாரு. நான்தான் விளக்கப் பிடிச்சேன். நீ வெளிய வந்தப்ப ஒரே இருட்டு. கோழிகூடக் கூவலை. உன்னைக் கழுவித் துடைச்சு எங்கிட்டக் குடுத்து ரொம்ப நேரம் கழிச்சுத்தான் ஜன்னல்ல இப்பிடிச் சாம்பலா வெளுத்துச்சு."

"அழகாச் சொல்றே அக்கா" என்றார் லம்துவான்.

நான் விச்சியன் முகத்தைப் பார்த்தேன். அவர் வேறெங்கோ போய்விட்டார்.

"கோழி கூவலையா?" என்றார்.

"கூவலைங்கறேன்ல."

"சனிக்கிழமை, விடியறதுக்கு முன்னாடி?"

"ஆமாப்பா. நடுராத்திரி தாண்டிடுச்சுன்னு ஆபீஸ்ல சனின்னு எழுதிக்கிட்டாங்க."

"ஆபீசுக்கும் ரயிலுக்கும்தான் அக்கா நடுராத்திரியில நாள் மாறும். கிழமைக் கணக்குல சூரியன் வந்தாத்தான் மாறும். விடியற வரைக்கும் அது வெள்ளிக்கிழமை!" அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. "லம்துவான், நீ சனியே இல்ல! நீ வெள்ளி! பச்சை உனக்குப் பகையே கிடையாது. வெள்ளிக்காரிக்குப் பச்சை செல்வம்! நான் அடிச்சது சரி! மொதல்லருந்தே நான் சரி!"

சொல்லி முடித்தபோதுதான் அவர் தன்னைச் சுற்றி இருந்த சுவர்களைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமைக்காரர்களுக்கு எது ஆகாது என்று தண்ணீர்த் தொட்டியருகே நாங்கள் எல்லோரும் கேட்டிருந்தோம். லம்துவான் இரண்டு கால்களையும் மெல்லத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார், வெள்ளம் புகுந்த வீட்டில் செய்வதுபோல.

"நாலு பக்கமும்" என்றார். "ஒரு பக்கம்கூட விடலை."

"சும்மா இருந்திருக்கலாம்ல தம்பி?" என்றார் அக்கா. அவர் மனக்கண்ணில் தங்கை மறுபடி தன் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். "யாரு கேட்டா உன்னை?"

"நீயாவது இவ்வளவு வருஷமா ஏன்க்கா சொல்லலை?"

"கோழி கூவிச்சான்னு யாருடி கேட்டீங்க?"

லம்துவான் எழுந்தார். வாசலுக்குப் போகச் சாம்பலைக் கடந்து நீளமாக நடக்க வேண்டும். சமையலறைக் கதவோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். பச்சைக்குள்.

அங்கே ஒரு சட்டி நகர்ந்தது. அலமாரி திறந்தது. "என் உப்பு ஜாடியை எங்க தூக்கி வெச்சீங்க?" என்று குரல் வந்தது. விச்சியன் கதவை நோக்கி ஓர் அடி வைத்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

லம்துவான் சமையலறையின் உள்பக்கச் சுவரோரம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, திறந்த கதவு வழியாக எங்களைப் பார்த்தார். பச்சைச் சுவருக்கு நடுவில் கதவளவுக்கு முன்னறை. புருவத்தைச் சுருக்கினார். தலையைச் சாய்த்தார்.

"பிம்ஜை அப்பா."

"என்ன?"

"இது சாம்பல் இல்லையே. இங்கருந்து பாத்தா ரோஸா இருக்கே."

அக்கா நிமிர்ந்தார். வெள்ளிக்காரிக்கு ரோஸ் என்ன செய்யும் என்று எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பாக்கியத்துக்கான நிறம் அது. லாட்டரிச் சீட்டு வாங்கப் போகும் வெள்ளிக்காரி ரோஸ் கைக்குட்டை இல்லாமல் போகமாட்டாள்.

"நெசமாவா?" என்றார் அக்கா.

"லேசா. பொழுது விழற நேரத்துல தாமரை இதழ் உள்பக்கம் இருக்குமே, அப்பிடி. நீங்க ரோஸும் கலந்தீங்களா?"

கேள்வி விச்சியனுக்கு. அவர் நின்ற இடத்திலிருந்து சுவர் சாம்பல். சந்தேகத்துக்கு இடமில்லாத சாம்பல். டப்பாவின் மேல் சாம்பல் என்று ஆசியூ கைப்பட எழுதியது என் கண்ணிலேயே பட்டது. விச்சியனின் வாய் திறந்தது. சட்டைப் பையில் இருந்த சக்கரத்தின் மேல் கை போனது. அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்த வாய் திறந்த பிறகு சொல் வராமல் இருந்ததில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

விச்சியன் வாயை மூடினார். கையையும் இறக்கினார்.

"ம்" என்றார். அவ்வளவுதான்.

மனிதர்களைப் புகழ்வதில் நான் கஞ்சன் என்று எங்கள் சந்தில் பேச்சு உண்டு. அது உண்மைதான். பெரும்பாலான நல்ல காரியங்கள் வேறு வழியில்லாமல் செய்யப்படுபவை. ஆனால் அந்த "ம்" அப்படிப்பட்டதில்லை. அதற்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பது அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது.

"அப்ப இந்தப் பச்சை இருக்கட்டும்" என்றார் லம்துவான் உள்ளேயிருந்து. "தொலைக்காட்சிப் பெட்டிய இந்தப் பக்கம் திருப்பி வைங்க. நான் இங்கருந்தே பாத்துக்கறேன். அந்த ரூமுக்குள்ள நான் வரமாட்டேன். பாக்க மட்டும் செய்வேன்."

அக்காவுக்கு முன்னறையின் நல்ல நாற்காலி கிடைத்தது. லம்துவானின் ஊதாச் சட்டைகள் எல்லாம் கிடைத்தன. திங்கள்காரிக்கு ஊதா பாக்கியம் என்று மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

விச்சியன் என்னை வழியனுப்ப வாசல் வரை வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவ கண்ணை டாக்டர்கிட்டக் காட்டணும்யா. அது சுத்தமான சாம்பல்" என்றார்.

அப்போதுதான் நான் தப்புச் செய்தேன். "சாப்பாட்டுக்கு அப்பறம் நடந்த பாடம் அதுதான்" என்றேன். "பச்சைக்கு நடுவுல சாம்பலை வெச்சா கண்ணு அதுல எதிர் நிறத்தைத் தேடும், லேசாச் சிவந்து தெரியும்னு அந்த ஆள் படம் காட்டினாரே. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. அவங்க பாத்தது சரிதான்."

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "அப்ப அது விதியா?"

"விதிதான்."

"அப்ப நான் அடிச்சதும் சரி, அவ பாத்ததும் சரி. சும்மா 'ம்'னு சொல்லி வீணாக்கிட்டேனே!" திரும்பி உள்ளே ஓடப்போனார். "போய் விளக்கமாச் சொல்லிட்டு வந்துடறேன்."

"வேண்டாம்" என்றேன்.

"ஒரு நிமிஷம்தான்."

உள்ளே எண்ணெய் காய்ந்து, இறாலும் சதோ என்கிற அவரைக் கொட்டையும் சட்டியில் விழுகிற சத்தம் கேட்டது. வாசனை சந்துக்கு வந்தது. அவர் ஒரு காலை வாசற்படியில் வைத்து, வாசனையை ஒருமுறை இழுத்துவிட்டு, அங்கேயே நின்றார். பிறகு பையிலிருந்து சக்கரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இதை நீ வெச்சுக்க. என் கையில இருந்தா சொல்லிடுவேன்."

இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. எல்லா நிறத்தின் மேலும் பென்சில் கோடு. வாரத்துக்கு ஒருமுறை வேலியோரம் வந்து, திருப்பிக் கொடு என்று கேட்கிறார். இன்னும் கொடுக்கவில்லை.